அகலம் கூடலாம்... ‘டயா’ மாறலாமா? எஸ்யூவிக்கு அகல டயர் போடும் முன் ஒரு கணக்கு

திருப்பூர் அவிநாசி சாலையில் ஒரு டயர் கடை. சனிக்கிழமை சாயங்காலம், வாரச் சம்பளப் பட்டுவாடா முடிந்த நேரம். ஒரு இளைஞர் தன் எஸ்யூவியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். 45 ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, டயரின் பட்டன் தேய்ந்துவிட்டது.

“அண்ணா, 18 இன்ச் ரிம்தான். 235 இருக்குது. 255 போட்டுக்கலாமுங்களா?”

“ஏறுமுங்க தம்பி. பார்க்க கெத்தா இருக்கும்.”

இது நாம் கற்பனை செய்துகொண்ட உரையாடல்தான். ஆனால் அவிநாசியோ பல்லடமோ காங்கேயமோ, கொஞ்சம் வேகமான எஸ்யூவி வைத்திருக்கும் யாருக்கும் முதல் டயர் மாற்றும்போது இந்த ஆசை வரும். 200 பிஎஸ் சக்தி உள்ள வண்டிக்கு டயர் மட்டும் ஒல்லியாகத் தெரிகிறதே என்று மனசு கேட்காது.

ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்தப் பதிலில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். ‘ஏறும்’ என்பது வேறு, ‘பொருந்தும்’ என்பது வேறு. ரிம்மில் ஏறிவிட்ட டயர் எல்லாம் வண்டிக்குப் பொருந்திய டயர் ஆகிவிடாது. இந்த வித்தியாசம் தெரிய வருவது பெரும்பாலும் மழையில் பிரேக் அடிக்கும்போதுதான்.

டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது?

டயரைப் பற்றி முடிவெடுக்கத் தேவையான தகவலில் பெரும்பகுதி அதன் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கிறது. உதாரணத்துக்கு மஹிந்திரா எக்ஸ்யூவி700-ஐ எடுத்துக்கொள்வோம். 2021-இல் அறிமுகமான இந்த வண்டியின் டர்போ பெட்ரோல் இன்ஜின் 200 பிஎஸ் தருவது. மேல் வேரியன்ட்களில் வரும் டயர் அளவு 235/60 ஆர்18.

235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டரில் இல்லை. அகலத்தில் 60 சதவீதம் என்று அர்த்தம். அதாவது 235-இல் 60 சதவீதம், 141 மி.மீ. ‘ஆர்’ என்றால் ரேடியல். ‘ஆர்’ என்பதை ‘ரேடியஸ்’ என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இதற்குப் பிறகு ‘103 ஹெச்’ மாதிரி ஒரு எண்ணும் எழுத்தும் வரும். எண் என்பது லோடு இன்டெக்ஸ். 103 என்றால் ஒரு டயர் 875 கிலோ வரை தாங்கும். எழுத்து, வேக வரம்பு. ‘டி’ என்றால் மணிக்கு 190 கி.மீ., ‘ஹெச்’ என்றால் 210, ‘வி’ என்றால் 240.

இதில் சிக்கலை உண்டாக்குவது நடுவில் இருக்கும் 60. அது சதவீதம் என்பதால், அகலத்தை மாற்றினால் உயரமும் கூடவே மாறும். 235-ஐ 255 ஆக்கி, 60-ஐ அப்படியே விட்டால் அகலம் மட்டும் கூடவில்லை. டயரே பெரிதாகிவிட்டது.

‘டயா’ என்றால் திருப்பூருக்குச் சொல்லித் தரணுமா?

நிட்டிங் யூனிட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வட்டப் பின்னல் மெஷினை அதன் ‘டயா’வை வைத்துத்தான் கூப்பிடுவோம். டயா மாறினால் வெளியே வரும் துணியின் அகலம் மாறும், அதில் வெட்டும் பனியனின் சைஸ் மாறும். ஜிஎஸ்எம் சரியாக இருந்து டயா தப்பாகிவிட்டால் ஆர்டரே கைவிட்டுப் போகும்.

டயருக்கும் அதே விதிதான். டயரின் மொத்த வெளி விட்டம், அதாவது அதன் ‘டயா’, கிட்டத்தட்ட மாறக் கூடாது. கணக்கு எளிது. பக்கச்சுவர் உயரத்தை இரண்டால் பெருக்குங்கள். ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி மி.மீ. ஆக்குங்கள். இரண்டையும் கூட்டுங்கள்.

235/60 ஆர்18: 739.2 மி.மீ. இது கம்பெனி கொடுத்தது.

245/60 ஆர்18: 751.2 மி.மீ. 1.6 சதவீதம் பெரிது.

255/60 ஆர்18: 763.2 மி.மீ. 3.2 சதவீதம் பெரிது.

255/55 ஆர்18: 737.7 மி.மீ. வெறும் 0.2 சதவீதம் சிறிது.

மூன்றாவதும் நான்காவதும் ஒரே அகலம்தான். ஆனால் ஒன்றில் டயா 24 மி.மீ. கூடியிருக்கிறது, இன்னொன்றில் ஏறத்தாழ மாறவே இல்லை. அகலம் கூட்டும்போது நடு எண்ணைக் குறைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

255/60 ஆர்18 என்ற அளவு கடையில் சுலபமாகக் கிடைக்கும். ஸ்கார்ப்பியோ-என் வண்டியின் மேல் வேரியன்ட்களுக்கு அதுதான் கம்பெனி அளவு. அதே மஹிந்திரா, அதே 18 இன்ச், அப்புறம் என்ன என்று தோன்றும். ஆனால் ஸ்கார்ப்பியோ-என் வேறு சேசிஸ், வேறு சஸ்பென்ஷன். அந்த டயாவுக்கு ஏற்ற மாதிரி வடிவமைத்த வண்டி அது.

பொதுவாக டயர் துறையில் சொல்லும் அளவுகோல், டயா வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது. ஒன்று, ஒன்றரை சதவீதத்துக்குள் நிறுத்திக்கொண்டால் இன்னும் நிம்மதி.

3 சதவீதம்தானே, அதனால் என்ன ஆகிவிடும்?

முதலில் ஸ்பீடோமீட்டர். டயா 3.2 சதவீதம் பெரிதானால், மீட்டர் 100 காட்டும்போது சக்கரம் உண்மையில் முன்னைவிட 3.2 சதவீதம் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும். கம்பெனி மீட்டர்கள் வழக்கமாக உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி அமைக்கப்படுகின்றன. பெரிய டயர் போட்டால் அந்தப் பாதுகாப்பு இடைவெளியை நாமே தின்றுவிடுகிறோம்.

அடுத்தது ஓடோமீட்டர். மீட்டரில் 10,000 கி.மீ. என்றால் வண்டி உண்மையில் சுமார் 10,325 கி.மீ. ஓடியிருக்கும். ஆயில் சர்வீஸ் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். மைலேஜ் கணக்கும் பொய் சொல்லும். உண்மையில் லிட்டருக்கு 12 கி.மீ. கொடுக்கும் வண்டி, மீட்டர் கணக்கில் 11.6 என்று காட்டும்.

மூன்றாவது, பிக்கப். இதுதான் வேடிக்கை. வேகமான வண்டி என்று ஆசைப்பட்டுப் பெரிய டயர் போடுகிறோம். ஆனால் சக்கரம் பெரிதானால் கியர் நீளமானது மாதிரி. அதே இன்ஜின், அதே கியர், ஆனால் ரோட்டைத் தள்ளும் விசை சுமார் 3 சதவீதம் குறைந்துவிடும். டயரின் எடையும் கூடியிருந்தால் அதையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். ஓவர்டேக் செய்யும்போது ‘என்னமோ குறையுதே’ என்று தோன்றும்.

நான்காவது, உரசல். டயா 24 மி.மீ. கூடினால் பாதி, அதாவது 12 மி.மீ., கிரவுண்ட் கிளியரன்ஸ் கிடைக்கும். அது லாபம். மீதிப் பாதி மேலே போகும். அகலத்திலும் இரண்டு பக்கமும் 10 மி.மீ. கூடும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, நாலு பேரும் லக்கேஜும் ஏற்றி, ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது உள்ளே பிளாஸ்டிக்கிலோ சஸ்பென்ஷன் கம்பியிலோ உரசினால், கடை வாசலில் காலி வண்டியாகப் பார்த்தபோது அது தெரிந்திருக்காது.

கம்பெனிகள் என்ன செய்கின்றன?

நல்ல உதாரணம் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா. சாதாரண கிரெட்டாவின் 17 இன்ச் டயர் 215/60 ஆர்17. 2024-இல் வந்த, 160 பிஎஸ் டர்போ இன்ஜின் உள்ள கிரெட்டா என் லைனுக்கு 215/55 ஆர்18.

இரண்டு விஷயம் இதில் தெரிகிறது. ஒன்று, ரிம் ஒரு இன்ச் பெரிதானதும் நடு எண் 60-இலிருந்து 55-க்கு இறங்கியிருக்கிறது. டயா 689.8-இலிருந்து 693.7 மி.மீ.தான் ஆகியிருக்கிறது. எக்ஸ்யூவி700-இலும் 17 இன்ச் வேரியன்ட்டுக்கு 235/65, 18 இன்ச்சுக்கு 235/60. வித்தியாசம் 2 மி.மீ.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். வேகமான கிரெட்டாவுக்குக்கூடக் கம்பெனி அகலத்தைக் கூட்டவில்லை. 215 அப்படியே இருக்கிறது. அதாவது வண்டி வேகமாக ஓடக்கூடியது என்பதாலேயே அகல டயர் கட்டாயம் என்றில்லை.

ரிம் அகலத்தை யாரும் கேட்பதில்லை

டயர் மாற்றும்போது எல்லோரும் ரிம்மின் விட்டத்தைத்தான் பார்க்கிறோம். 17-ஆ, 18-ஆ என்று. ரிம்முக்கு அகலமும் உண்டு. அலாய் வீலின் உட்பக்கத்தில் 6.5ஜே, 7ஜே, 7.5ஜே என்று பொறித்திருக்கும். அதுவும் அங்குலக் கணக்குதான்.

ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை அங்குலத்திலிருந்து இத்தனை அங்குலம் வரையிலான ரிம்தான் பொருந்தும் என்று வரையறை இருக்கிறது. 215/60 ஆர்17 டயருக்கு 6 முதல் 7.5 அங்குல ரிம். 235/60 ஆர்18-க்கு 6.5 முதல் 8.5 வரை. 255/55 ஆர்18-க்கு 7 முதல் 9 வரை.

குறுகலான ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் அது பல்பு மாதிரி வெளியே பிதுங்கும். டயரின் நடுப்பகுதி மட்டும் ரோட்டில் அதிகம் படும். வளைவில் பக்கச்சுவர் துவளும். அகலம் கூட்டியதே வளைவில் வண்டி உறுதியாக நிற்க வேண்டும் என்றுதான். 6.5ஜே ரிம்மில் 255 போட்டால் அதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும்.

அதனால் கடையில் முதல் கேள்வி ‘255 இருக்கா?’ என்று இருக்கக் கூடாது. ‘என் ரிம் எத்தனை ஜே?’ என்று இருக்கட்டும்.

டயருக்குள் ஒரு துணி இருக்கிறது

கருப்பாகத் தெரிவதால் டயர் என்றாலே ரப்பர் என்று நினைக்கிறோம். சுமையைத் தாங்குவது உண்மையில் உள்ளே இருக்கும் நூல்தான். ரப்பர் அந்த நூலைப் பிடித்துவைத்திருக்கும், காற்றை அடைக்கும், ரோட்டைப் பற்றும்.

1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றபோது அதில் இருந்ததும் துணிதான். ஆரம்ப காலத்தில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் சாதாரண நெசவுத் துணியைப் போட்டார்கள். டயர் உருளும்போது அந்த இழைகள் ஒன்றோடொன்று உரசின, சூடாகின, அறுந்தன. அதற்குத் தீர்வாக வந்ததுதான் ‘கார்டு’ துணி. பலமான நூல்கள் எல்லாம் ஒரே திசையில் இணையாக ஓடும். அவற்றைக் கலையாமல் பிடித்துவைக்க மட்டும் ஊடு நூல் பேருக்கு இருக்கும். பருத்தி, ரேயான், நைலான், பாலியஸ்டர் என்று நூல் மாறிக்கொண்டே வந்தது. 1946-இல் மிஷெலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ரேடியல் அமைப்பில் இந்த நூல்கள் டயரின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகின்றன. பட்டனுக்கு அடியில் ஸ்டீல் பட்டைகள் இருக்கும்.

சென்னை மணலியில் எஸ்ஆர்எஃப் நிறுவனம் 1970-களிலிருந்தே நைலான் டயர் கார்டு துணி தயாரித்து வருகிறது. டெக்னிக்கல் டெக்ஸ்டைல் என்று இப்போது திருப்பூரில் பேசுகிறோமே, அதில் பழைய கை இது.

இந்தத் துணிக்கும் நம் முடிவுக்கும் என்ன சம்பந்தம்? நடு எண்ணை 60-இலிருந்து 55, 50 என்று இறக்கிக்கொண்டே போனால் பக்கச்சுவர் குட்டையாகும். 235/60-இல் பக்கச்சுவர் 141 மி.மீ. 255/55-இல் 140. இது பரவாயில்லை. ஆனால் ரிம்மையும் 20 இன்ச்சாக மாற்றி டயாவைக் காப்பாற்ற நினைத்தால் பக்கச்சுவர் 115 மி.மீ. பக்கம் வந்துவிடும்.

குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணை மட்டும் போட்டு மூடிய ரோட்டில் அந்த டயர் விழுந்தால், பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்கும். உள்ளே நாலு நூல் அறுந்தால் போதும், அந்த இடத்தில் முட்டை மாதிரி ஒரு புடைப்பு வரும். துணியில் ஊசி உடைந்து ஓட்டை விழுந்த மாதிரிதான். அந்தப் பீஸ் ரிஜெக்ட். புடைத்த டயரை ஒட்டவோ தைக்கவோ முடியாது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும், மாற்றியே ஆக வேண்டும்.

நம் ஊர் ரோட்டுக்குக் கொஞ்சம் சதைப்பிடிப்பான பக்கச்சுவர் அவசியம். ரிம் சைஸை ஏற்றாமல் இருப்பது பணத்துக்கும் நல்லது, முதுகுக்கும் நல்லது.

மழையில் அகல டயர் கைகொடுக்குமா?

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. ‘அகலம் கூடினால் ரோடு கிரிப் கூடும்’ என்பது பாதி உண்மை.

டயர் ரோட்டைத் தொடும் பரப்பு ஏறத்தாழ உள்ளங்கை அளவுதான். அந்தப் பரப்பை முக்கியமாகத் தீர்மானிப்பது வண்டியின் எடையும் காற்றழுத்தமும். இரண்டும் மாறாமல் டயரை மட்டும் அகலமாக்கினால், தொடும் பரப்பு பெரிதாகக் கூடுவதில்லை. அதன் வடிவம்தான் மாறுகிறது. நீளம் குறைந்து, அகலம் கூடுகிறது. காய்ந்த ரோட்டில், வளைவில் இந்த வடிவம் உதவும். வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஸ்டீயரிங் சொன்னபடி கேட்பது போல உணர்வீர்கள்.

ஆனால் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது நிலைமை தலைகீழ். அகலமான டயர் முன்னால் இருக்கும் அதிகத் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும், அதுவும் குறைந்த நேரத்தில். தள்ள முடியாத வேகம் வந்ததும் டயர் தண்ணீர்மேல் மிதக்க ஆரம்பிக்கும். அந்த நொடியில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வேலை செய்யாது.

1960-களில் அமெரிக்காவின் நாசா விமான டயர்களை வைத்து இதை ஆராய்ந்து ஒரு சூத்திரம் கண்டது. மிதக்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது அதன் சாரம். பட்டன் தேய்ந்து மொட்டையான டயர், ரோட்டில் ஆழமான தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், 33 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சுமார் 96 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும். அழுத்தம் 26 பிஎஸ்ஐ-க்கு இறங்கியிருந்தால் 85 கி.மீ. வேகத்திலேயே. நல்ல பட்டன் இருந்தால் தண்ணீர் அதன் காடிகள் வழியாக வெளியேறும், இன்னும் அதிக வேகம் வரை தாங்கும்.

சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில், பெருமாநல்லூர் தாண்டி, 90-இல் போவது நமக்குச் சாதாரணம். திருப்பூர் மழை குறைவான ஊர். மாதக்கணக்கில் ரோட்டில் படிந்த தூசியும் ஆயிலும் முதல் மழையில் சோப்பு மாதிரி ஆகிவிடும். அதே ரோட்டில் மேற்கே வாளையாரைத் தாண்டினால் ஜூன் மாதத்தில் வேறு மழை. சாம்பிளை எடுத்துக்கொண்டு கோவை விமான நிலையத்துக்கோ, ஷிப்மென்ட் விஷயமாகக் கொச்சிக்கோ அவசரமாக ஓட்டுகிறவர்களுக்கு இந்த 10 கி.மீ. வித்தியாசம் வெறும் கணக்கு இல்லை.

ஆக, மழைக்கு எது முக்கியம்? முதலில் பட்டன் ஆழம். அடுத்தது ரப்பர் கலவையின் தரம், கூடவே சரியான காற்று. அகலம் கடைசியில்தான் வரும். சட்டப்படி காருக்குக் குறைந்தபட்ச பட்டன் ஆழம் 1.6 மி.மீ. காடிகளுக்குள் இருக்கும் சிறு மேடுகளோடு பட்டன் சமமாகிவிட்டால் அந்த அளவு வந்துவிட்டது என்று அர்த்தம். நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் என்றால் 3 மி.மீ. வரும்போதே மாற்றிவிடுங்கள். தேய்ந்த 255-ஐவிடப் புதிய 235 மழையில் பல மடங்கு நம்பகமானது.

லோடு இன்டெக்ஸ்: இறங்கவே கூடாத எண்

டயர் அகலமாக இருப்பதாலேயே அதிக எடை தாங்கும் என்று நினைக்க வேண்டாம். பழைய டயரில் 103 இருந்தால் புதியதில் 103 அல்லது அதற்கு மேல்தான் இருக்க வேண்டும். 100 என்றால் 800 கிலோ, 103 என்றால் 875 கிலோ, 107 என்றால் 975 கிலோ. ஏழு பேர், பொள்ளாச்சிக் கல்யாணத்துக்குச் சீர்வரிசை, மேலே கேரியர் என்று ஏற்றும் வண்டியில் இந்த எண்ணில் சமரசம் கூடாது.

‘எக்ஸ்எல்’ என்று அச்சிட்டிருந்தால் அது கூடுதல் சுமைக்கான டயர். அதன் முழு பலம் கிடைக்கக் கூடுதல் காற்றழுத்தம் தேவைப்படும். மின்சார எஸ்யூவி வைத்திருப்பவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். பேட்டரியால் வண்டி கனம். அகலமும் எடையும் கூடிய டயர் போட்டால் ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும்.

சட்டமும் இன்சூரன்ஸும் என்ன சொல்கின்றன?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

டயர் 10 மி.மீ. கூடியதற்கு உடனே போலீஸ் பிடிப்பார்களா என்பது கேள்வி இல்லை. ஒரு விபத்து நடந்து, சர்வேயர் வந்து பார்க்கும்போது, கம்பெனி சொல்லாத அளவில் டயர் இருப்பது க்ளைமில் தேவையில்லாத ஒரு கேள்வியைக் கிளப்பும். சஸ்பென்ஷன் அல்லது பேரிங் பிரச்சினைக்கு வாரன்டி கேட்டால் சர்வீஸ் சென்டரும் அதையே காட்டும்.

பாதுகாப்பான வழி: உங்கள் மாடலிலேயே வேறு வேரியன்ட்டுக்குக் கம்பெனி கொடுக்கும் அளவு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் ஓனர்ஸ் மேனுவலிலும் அது இருக்கும். அதைத் தாண்டிப் போவதென்றால் சர்வீஸ் சென்டரிலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுவிடுவது நல்லது.

அப்படியானால் என்னதான் போடலாம்?

உங்கள் ஓட்டம் பெரும்பாலும் ஃபேக்டரி, வீடு, கோவை, எப்போதாவது ஊட்டி என்றால் கம்பெனி அளவிலேயே இருந்துகொள்ளுங்கள். அகலத்துக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை அதே அளவில் ஒரு படி உயர்ந்த தரமுள்ள டயருக்குக் கொடுங்கள். நனைந்த ரோட்டில் பிடிமானம், உருளும் எதிர்ப்பு, சத்தம் ஆகிய மூன்றுக்கும் மத்திய அரசு 2022-இல் அறிவித்த ஏஐஎஸ்-142 தரநிலை இருக்கிறது. வாங்கும் டயர் அதற்கு உட்பட்டதா என்று கேட்கலாம். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்.

அகலம் கூட்டியே தீர வேண்டும் என்றால், ஒரு படி போதும். 235-இலிருந்து 245 அல்லது, ரிம் 7ஜே-க்கு மேல் இருந்தால், டயா மாறாத 255/55. கிரெட்டா வகை வண்டியில் 215/60 ஆர்17-க்குப் பதில் 235/55 ஆர்17 போட்டால் டயா அரை மில்லிமீட்டர்தான் மாறும். ஆனால் அதற்கு ரிம் 6.5 அங்குலமாவது இருக்க வேண்டும், உரசாமலும் இருக்க வேண்டும்.

நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே மாடல். பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ்ஸும், வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் இஎஸ்சியும் ஒவ்வொரு சக்கரத்தின் சுழல் வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கின்றன. முன்னால் ஒரு டயா, பின்னால் ஒரு டயா என்றால் அவை குழம்பும். ஆல் வீல் டிரைவ் வண்டியில் டிரான்ஸ்மிஷனே அடிவாங்கும். பட்ஜெட் இடிக்கிறது, இரண்டு டயர்தான் இப்போது முடியும் என்றால் பழைய அளவிலேயே வாங்கிப் புதியதைப் பின்னால் போடுங்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் சமாளிப்பது கடினம்.

கடையில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. என் ரிம் எத்தனை ஜே? இந்த டயருக்கு அது பொருந்துமா?

2. புதிய டயரின் டயா பழையதைவிட எத்தனை சதவீதம் மாறுகிறது?

3. லோடு இன்டெக்ஸும் வேக எழுத்தும் பழையதற்குச் சமமா, மேலா?

4. எப்போது தயாரானது? பக்கச்சுவரில் ‘டாட்’ குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஷோரூமில் கழற்றிய டயர் சல்லிசாகக் கிடைக்கிறது என்றாலும் இதைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

5. அலைன்மென்ட், பேலன்சிங் சேர்த்தா?

6. எத்தனை பிஎஸ்ஐ வைக்க வேண்டும்? கம்பெனி அளவு டயர் என்றால் கதவு ஸ்டிக்கரில் உள்ளதுதான் பதில். அளவு மாறினால் டயர் நிறுவனத்தின் லோடு அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் அளப்பதுதான் சரியான அளவு.

பல்க் ஓட்டும் முன் சாம்பிள் பார்க்கிறோம் அல்லவா? இதற்கும் ஒரு சாம்பிள் உண்டு. முதலில் ஒரு முன் சக்கரத்தில் மட்டும் புது டயரை மாட்டச் சொல்லுங்கள். வண்டியில் நாலு பேரை உட்கார வையுங்கள். ஸ்டீயரிங்கை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் ஒடித்து, கடை வாசல் மேட்டில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். எங்கேயாவது ‘சர்ர்’ என்று உரசினால் அந்த அளவு உங்கள் வண்டிக்கு இல்லை. மற்ற மூன்றைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடலாம்.